கல்லில் இல்லாத பெயர்

கல்லிலே பெயர்கள் உள்ளன. கட்டடத்தைத் திறந்து வைத்தவர் பெயர் பெரிய எழுத்தில். விழாவுக்குத் தலைமை தாங்கியவர் பெயர் அதற்கு அடுத்து. முன்னிலை வகித்தோர் பெயர்கள் வரிசை வரிசையாக. நன்கொடை வழங்கியோர் பெயர்கள், வழங்கிய தொகையோடு! மொத்தம் 17 பெயர்கள். கறுப்புக் கல்லில் வெட்டி, வெள்ளை வண்ணம் ஊட்டி, மழைக்கும் வெயிலுக்கும் மங்காதபடி சுவரிலே பதித்திருக்கிறார்கள்.

அந்தப் பெயர்கள் அனைத்தையும் தாளில் எழுதிக் கல்தச்சரிடம் கொடுத்தது நம் கை. பிழை ஒன்றுகூட வரலாகாது என்று மூன்று முறை படித்துப் பார்த்தோம். ஒற்றெழுத்து விடுபடவில்லை. பட்டங்கள் விடுபடவில்லை. விடுபட்டது ஒன்றே ஒன்று: அந்தக் கட்டடத்தைக் கட்டியவரின் பெயர்!

அது நடந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் மறைந்தும் ஆண்டுகள் பல ஆயின. ஆயினும், அந்தக் கல்லைக் கடந்து போகும்போதெல்லாம் நம் தலை தாமாகவே தாழ்கிறது. அந்தக் கடனை ஒரு பகுதியேனும் தீர்க்கலாமோ என்ற ஆசையில் இதை எழுதுகிறோம்.

தோழர்களே! நாடாண்டவரைப் பற்றி எழுதுகிறோம். நாவன்மை மிக்காரைப் பற்றி எழுதுகிறோம். சிறை சென்றவரை, சிந்தனை தந்தவரைப் போற்றுகிறோம். போற்ற வேண்டியதுதான். ஆனால், மேடை ஏறாமல் சாரம் மட்டுமே ஏறியவர், ஊருக்கு உரை நிகழ்த்தாமல் ஊருக்குச் சுவர் எழுப்பியவர், மனைவி மக்களைக் கண்ணெனக் காத்து அமைதியாக வாழ்ந்து அமைதியாகவே மறைந்தவர், அவரைப் பற்றியும் எவரேனும் எழுத வேண்டாமா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது நம் சின்னாளப்பட்டி. கிழக்கே நீலமாய் நீண்டு கிடக்கிறது சிறுமலை. ஊருக்குள் நுழைந்தால் அந்நாளில் தறியோசையே வரவேற்கும். சின்னாளப்பட்டிச் சேலை என்றால் தமிழகத்துப் பெண்டிர் அறிவர். சுங்குடி என்றால் சொல்லவே வேண்டியதில்லை. சேலையை உடுத்தியவர், அதை நெய்தவரை ஒருகால் நினைத்துப் பார்த்திருக்கக் கூடும். நெய்தவர் அமர்ந்திருந்த தறிக்கூடத்துக்குச் சுவர் வைத்தவரை எவர் நினைத்தார்?

பெரியவர்கள் அவரைக் 'கொத்தனாரே' என்று அழைப்பார்கள். தெருப் பிள்ளைகளான நமக்கு அவர் 'கொத்தனார் மாமா'. 1947-ஆம் ஆண்டு, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் ஊரை ஒட்டிக் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே கட்டடங்கள் எழுந்தபோது, சாந்துச் சட்டி சுமக்கப் போன சிறுவர்களில் மாமாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 15. எழுதப் படிக்கக் கற்றது மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு அவருக்கு ஆசான் ஆனது சுண்ணாம்பு!

ஆம், சுண்ணாம்புதான். சிமெண்டு அருமையாகக் கிடைத்த காலம் அது. சுட்ட சுண்ணாம்பை நீரூற்றி நீற்ற வேண்டும். மணல் கூட்டி அரைக்க வேண்டும். அரைத்ததை உடனே எடுத்துப் பூசிவிட முடியாது. நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். மெத்தைத் தளம் போடுவதானால், தேக்குக் கட்டைகளைக் குறுக்கே பரப்பி, சின்னச் செங்கற்களைச் சாய்த்துக் குத்தி நிறுத்தி, மேலே காரை இட்டு, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாய் அமர்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அவசரப்பட்டால் தளம் வெடிக்கும். மழை வந்து வீட்டுக்காரரிடம் கோள் சொல்லும்!

"சுண்ணாம்பு யாருக்கும் பயப்படாது தம்பி. அது வேகுற நேரத்துலதான் வேகும்" என்பார் மாமா. அவர் பேசியது குறைவு. பேசியவற்றுள் பாதி சுண்ணாம்பைப் பற்றியும் செங்கல்லைப் பற்றியுமே இருக்கும். ஆனால், கேட்டுவிட்டு வீடு திரும்பினால், மனிதரைப் பற்றிச் சொன்னாரோ என்று தோன்றும்.

1961-ஆம் ஆண்டு. நமக்கு எட்டு வயது. நம் தந்தையார் நெசவாளர். வீட்டின் பின்புறம் தறிக்கூடம் ஒன்று கட்ட முனைந்தார். வீடு வடக்குப் பார்த்தது. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். பின்கட்டுக்கு வெளிச்சம் வரவேண்டுமானால் தெற்கே சன்னல் வைத்தாக வேண்டும். மாமா அவ்வாறே இடம் விட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டு வந்தார்.

இடையிலே வந்து சேர்ந்தார் ஒரு சாத்திரக்காரர். தெற்கு எமன் திசையாம், அங்கே சன்னல் வைத்தால் குடும்பம் விளங்காதாம், அடைத்துவிட வேண்டுமாம். நம் தந்தையார் நல்லவர். ஆனால் அச்சம் மிக்கவர். அச்சம் அறிவை வென்றது. "அடைச்சிருங்க கொத்தனாரே" என்றார்.

மாமா கரணையைக் கீழே வைத்தார். கைகளைக் கழுவினார். பிறகு, தறிக்குழி வெட்டுவதற்காகக் குறித்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு பழைய சாக்கை எடுத்துச் சன்னல் வெளியில் மறைத்துப் பிடிக்கும்படி சித்தாளிடம் சொன்னார். பட்டப்பகலில் இருள் சூழ்ந்தது.

"ஐயா, இங்கன வந்து உக்காந்து பாருங்க. சாத்திரக்காரரு தறியில உக்காரப் போறதில்ல. உங்க பிள்ளதான் உக்காரப் போறான். இழை அறுந்தா அவன் கண்ணால தேடணும்" என்றார்.

வாதம் அவ்வளவுதான். வசை இல்லை, ஏளனம் இல்லை. நம் தந்தையார் உட்கார்ந்து பார்த்தார். சன்னல் நின்றது!

அந்தச் சன்னலின் ஒளியில் நம் வீட்டார் மூன்று தலைமுறை நெய்தனர். அந்தச் சன்னலின் ஒளியில்தான், தார் சுற்றும் வேலைக்கு இடையே, ஏடுகளையும் இதழ்களையும் படித்தோம். அந்தச் சன்னல் இல்லையேல் நம் கையில் எழுதுகோல் இல்லை. இதை நினைவில் கொண்டு, மேலே நாம் சொல்லப் போகும் குற்றத்தை எடை போடுங்கள்.

அவருடைய இல்லறத்தைச் சொல்ல வேண்டும். வேலை செய்த இடத்தில் சித்தாளாக வந்தவர் ஒரு பெண். 20 வயதுகூட நிரம்பாத கைம்பெண். இடுப்பிலே ஒரு பெண் குழந்தை. குழந்தையை வேப்பமரத் தூளியில் கிடத்திவிட்டு, தலையிலே சட்டி சுமப்பார். 1955-இல், மாமா அந்தப் பெண்ணை மணந்தார். வாத்தியம் இல்லை, வரிசைத் தட்டு இல்லை. இரண்டு மாலைகள், உடன் வேலை செய்தோர் பத்துப் பேர்.

கைம்பெண் மறுமணத்தை இந்நாட்டுச் சட்டம் ஏற்றது 1856-இல். தெரு ஏற்றதா? நூறாண்டு கழித்தும் ஏற்கவில்லை! தண்ணீர்க் குடத்தோடு போன அந்த அம்மையாரின் காதுபட எத்தனை பேச்சுகள்! இத்தனைக்கும், ஊரே கையெடுத்துக் கும்பிட்ட சௌந்தரம் அம்மையாரும் இளமையிலேயே கணவரை இழந்து, பிறகு மருத்துவம் பயின்று, 1940-இல் மறுமணம் புரிந்தவர்தாம். படித்தவர் செய்தால் புரட்சி, சட்டி சுமப்பவர் செய்தால் பழியா? மாமா எவரிடமும் இப்படிக் கேட்கவில்லை. மனைவியோடு சேர்ந்து வேலைக்குப் போனார், சேர்ந்தே திரும்பினார். அவ்வளவே அவர் தந்த மறுமொழி.

பிறகு இன்னொரு மகள் பிறந்தாள். மூத்தவர் நமக்கு ஓராண்டு பெரியவர், அக்கா என்றழைப்போம். அந்த அக்கா மாமாவுக்குப் பிறந்த மகள் அல்லர் என்பதை நாம் அறிந்தது நம் 20-ஆம் வயதில்! அதுவரை, ஒரே தெருவில் வாழ்ந்தும், அவர் நடத்தையில் அதற்கொரு குறிப்புக்கூடக் காணவில்லை. மூத்தவருக்கு ஒரு பாவாடை என்றால் இளையவருக்கும் ஒன்று. மூத்தவருக்குக் காய்ச்சல் என்றால், வேலையை விட்டுவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு மூதாட்டி, "உனக்குன்னு ஒரு ஆம்பளப் பிள்ள இல்லையேப்பா" என்று அங்கலாய்த்தார். "எனக்குன்னு ரெண்டு பேரு இருக்காளுகளே ஆத்தா" என்றார் மாமா. அவர் குரல் உயரவே இல்லை.

ஊருக்கெல்லாம் மச்சு வீடு கட்டியவரின் வீடு எப்படி இருந்தது? மண்சுவரும் கூரையும்! அதை அவர் செங்கல் வீடாக மாற்ற 11 ஆண்டுகள் ஆயின. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார். கைக்குக் காசு வந்தபோது ஒரு வரிசை. வராதபோது வெறும் பார்வை. வேலை நடந்த இடங்களில் உடைந்த செங்கல் குவியல் குவியலாய்க் கிடக்கும். எடுத்துக்கொண்டு போனால் கேட்பார் இல்லை. ஆனால், உரிமைக்காரரிடம் கேட்டு, விலை பேசி, கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லித்தான் எடுப்பார். "இது உடைஞ்ச கல்லு கொத்தனாரே, இதுக்குப் போயி விலையா?" என்று சிரிப்பார்கள். "உடைஞ்சாலும் உங்க கல்லுதானே" என்பார்.

அந்த வீட்டில் ஒரு புதுமை இருந்தது. உள்சுவரை ஒட்டி, பிள்ளைகள் உட்கார ஒரு திண்டு. அதற்கு எதிரே எழுதுவதற்குச் சாய்வாக ஒரு கல் பலகை. விளக்கு வைக்கத் தலைக்குமேல் ஒரு மாடம். சுவரோடு சுவராக ஒரு படிப்பறை! தெருவிலே நாற்காலி மேசை உள்ள வீடு எதுவும் இல்லாத காலத்தில், மூன்றாம் வகுப்போடு நின்றவர் தம் மகள்களுக்குக் கட்டித் தந்த கல்விக்கூடம் அது. அங்கே படித்துத்தான் மூத்த அக்கா ஆசிரியையானார். இளையவர் செவிலியானார். தறிக்கூடத்துச் சன்னலில் வெளிச்சம் மங்கிய பிறகு, நாமும் அந்தத் திண்டில் இடம் பிடித்தது உண்டு. அத்தை வரக்காப்பி தருவார். மாமா வாசலில் அமர்ந்திருப்பார், உள்ளே பாடம் ஒப்பிக்கும் குரலைக் கேட்டபடி.

1971-இல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட அந்த மூன்றாண்டுகள் கொத்து வேலைக்காரர் குடும்பங்கள் பலவற்றில் புயல் வீசிய காலம். சனிக்கிழமை மாலை கூலி; சனிக்கிழமை இரவு கடை; ஞாயிற்றுக்கிழமை வீட்டிலே பட்டினி! மாமாவின் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கூலி போடும்போது பெண்களுக்கே முதலில் போடுவார். சித்தாள் கூலி கொத்தனார் கூலியில் பாதியளவே இருந்த நாள்கள் அவை. அந்தப் பாதியும் கடைசியில் போட்டால், கடைக்குப் போகும் கணவனே வாங்கிக்கொண்டு போய்விடுவான். முதலில் போட்டால் அந்தப் பெண் அரிசி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். குடிக்காதே என்று எவருக்கும் அவர் புத்தி சொன்னதாக நினைவில்லை. கூலி போடும் வரிசையை மாற்றினார். சில வீடுகளில் அடுப்பு எரிந்தது!

இனி, நம் குற்றத்துக்கு வருவோம்.

1978-ஆம் ஆண்டு. ஊரை அடுத்த ஒரு பள்ளிக்கு நான்கு வகுப்பறைகள் கட்டினார்கள். மாமாவும் அவர்தம் குழுவினரும் கட்டினர். நமக்கு 25 வயது; படித்த இளைஞர் என்று பெயர்; கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஒரு பெருமை. கட்டடக் குழுவினர் நம்மை அழைத்து, விழாவுக்கு வரவேற்புரையும் கல்வெட்டு வாசகமும் எழுதித் தரச் சொன்னார்கள். சொன்ன பெயர்களை எழுதினோம். சொல்லாத பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. எவரும் தடுக்கவில்லை, நமக்கே தோன்றவில்லை! அதுதான் கொடுமை.

விழா நடந்தது. மாலைகள், கரவொலி, சொற்பொழிவு. "இந்தக் கட்டடத்தைக் கட்டிய பெருமகனார்" என்று மேடையில் ஒருவரைச் சுட்டிப் பேசினார் ஒரு பேச்சாளர். சுட்டப்பட்டவர் வாழ்நாளில் ஒரு செங்கல்லைத் தூக்கியவர் அல்லர், பணம் தந்தவர். பணம் தந்ததும் நற்செயலே, மறுக்கவில்லை. ஆனால், கட்டியவர் எங்கே? நம் கண்கள் அப்போதுதான் தேடின. கடைசி வரிசைக்கும் அப்பால், தாம் எழுப்பிய தூணின் நிழலில் நின்றிருந்தார் மாமா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அத்தை. அவர் மேடையைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து கூரையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் பெய்த மழைக்கு எங்கேனும் ஈரம் கசிந்திருக்கிறதா என்று!

மறுநாள் தெருவில் எதிர்ப்பட்டோம். நாவு எழவில்லை. அவரே பேசினார்: "நல்லா எழுதியிருந்தீங்க தம்பி. எழுத்து சுத்தமா இருந்துச்சு." அதில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்போம்.

ஆண்டுகள் உருண்டன. 1980-களில் ஒரு நாள், திண்டுக்கல் பக்கம் வேலை நடந்த ஓரிடத்தில் சாரம் சரிந்தது. மேலே நின்ற சித்தாள் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பந்தக்காரர் ஒரு சிறு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடப் பார்த்தார். மாமா அன்றைக்குச் சாரத்திலிருந்து இறங்கினார். மறுநாள் வந்தார், ஏறவில்லை. கீழே உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மற்றவர்களும் அவரோடு உட்கார்ந்தார்கள். முழக்கம் இல்லை, கொடி இல்லை. நான்காம் நாள், மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்பதாக ஒப்பந்தக்காரர் சொன்னார். மாமா ஏறினார். முதல் வேலையாகச் சாரக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து மறுபடியும் கட்டினார்.

கட்டுமானத் தொழிலாளருக்கென நல வாரியம் ஒன்று தமிழகத்தில் அமைந்தது 1994-இல். சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற உரிமை அது. விபத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, மகப்பேற்றுக்கு உதவி. மாமா, படிவங்களை ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். "எழுதிக் குடுங்க தம்பி, உங்க எழுத்துதான் சுத்தமா இருக்கும்." இரவுகள் பலவற்றில் உட்கார்ந்து எழுதினோம். சித்தாள்கள், கொத்தனார்கள், சாந்து கலப்போர், மண் வெட்டுவோர் என ஒவ்வொருவர் பெயராக அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்.

"உங்கள் படிவம் எங்கே மாமா?" என்றோம்.

"எனக்கு 62 ஆச்சே. 60-க்குள்ள இருக்கணுமாம்ல."

47 ஆண்டுகள் சாந்து கலந்த கை அது! நமக்கு நெஞ்சு கனத்தது. அவரோ படிவங்களை அடுக்கிக் கட்டியபடி சொன்னார்: "பள்ளிக்கூடம் கட்டுனோம். நாமளா போயி படிச்சோம்? பிள்ளைக படிக்குது. அது மாதிரிதான்."

1998-இல் அந்தப் பள்ளியின் கட்டடத்தைப் பழுது பார்த்தார்கள். இப்போது நாம் குழுவில் ஒருவர். பழைய தவற்றைத் திருத்த வாய்ப்பு வந்ததென்று மகிழ்ந்தோம். கல்லின்கீழ் இன்னொரு கல் பதித்து, மாமாவின் பெயரைப் பொறிப்பதென்று முடிவு செய்து, பணமும் திரட்டி, அவரிடம் சொல்லப் போனோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எம் பேர வெட்டுனா, மண்ணு சுமந்தவுக பேர எங்க வெட்டுவீங்க? அந்த வேலையில முப்பத்தஞ்சு, நாப்பது பேரு இருந்தாக. பாதிக்கு மேல பொம்பளைக. எங்க வீட்டுக்காரியும் அதுல ஒருத்தி. அவுகள விட்டுட்டு எம் பேர மட்டும் போட்டா, நீங்க அன்னைக்கு விட்டது மாதிரி இன்னைக்கு நான் விட்டவனா ஆயிருவேன் தம்பி."

சம்மட்டியால் அடித்தது போன்றிருந்தது. தவறு என்று நாம் கருதியது ஒரு பெயர் விடுபட்டதை. தவறு அதனினும் பெரிது என்று காட்டினார் அவர்.

"கல்லுக்குன்னு வச்ச காசு இருக்குல்ல? பிள்ளைக தண்ணிக்கு ரோட்டத் தாண்டி ஓடுதுக. ஒரு தொட்டி கட்டுவோம்" என்றார். 66 வயதில், அவரே கரணை பிடித்துக் கட்டினார். செங்கல்லை ஊறப்போட்டு எடுத்து வைத்தார். பூச்சு முடிந்தபின், நாள்தோறும் காலையும் மாலையும் வந்து சுவருக்கு நீர் ஊற்றினார், 14 நாள்கள். கூலி வாங்க மறுத்தார். உடன் உழைத்த இரு பெண்களுக்கும் கூலி கொடுக்கச் செய்தார். அந்தத் தொட்டியில் கல்வெட்டு இல்லை. பிள்ளைகள் தண்ணீர் பிடித்தார்கள்.

2009-இல் அவர் மறைந்தார். அதற்கு ஓராண்டு முன்பே அத்தை மறைந்துவிட்டார். அந்த ஓராண்டும், மாலையில் வாசலில் தாம் அமரும் இடத்தில், பக்கத்தில் ஒருவர் அமரும் அளவுக்கு இடம் விட்டே அமர்ந்திருந்தார். கொள்ளி வைக்க ஆண்மகன் இல்லையே என்று சிலர் முணுமுணுத்தனர். மூத்த அக்கா முன்னே வந்தார். "நான் இருக்கிறேன்" என்றார். அவர் பெறாத மகள்! எவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

தோழர்களே! ஒரு தனி மனிதரின் கதையாக இதை விட்டுவிட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். 1010-ஆம் ஆண்டு அளவில் நிறைவுற்ற கோயில். மன்னன் இராசராசன் பெயர் அங்கே இருக்கிறது, வியப்பில்லை. ஆனால், வீரசோழன் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சரின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. ஆடல் மகளிர் 400 பேர் இன்னின்னார், இன்ன ஊரினர் என்பது இருக்கிறது. முடி திருத்தியவருக்கும் அங்கே பெயர் இருக்கிறது! எகிப்திலே, கூபு மன்னனின் பெரும் பிரமிடுக்குள், எவரும் காணாத உள்ளறைகளில், கல் இழுத்த உழைப்பாளர் கூட்டத்தார் தம் குழுப்பெயரைச் செஞ்சாயத்தால் எழுதி வைத்திருக்கிறார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் அது படிக்கக் கிடைக்கிறது.

முடியரசர் காலத்தில் முடிந்தது, குடியரசு நாளில் ஏன் முடியவில்லை? கட்டுவதற்கு ஓராண்டு உழைத்தவர் பெயர் இல்லை. திறப்பதற்குக் கத்தரிக்கோல் பிடித்தவர் பெயர் இருக்கிறது! சென்னைக் கடற்கரையில் 1959-இல் உழைப்பாளர் சிலை வைத்தோம். பாறையைப் புரட்டும் நால்வரைக் கண்டு நெஞ்சு நிமிர்கிறோம். நன்று. ஆனால், நால்வரும் ஆடவர். சட்டி சுமந்த பெண் எங்கே? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-இல் சட்டம் செய்தோம். ஆனால், கட்டட வேலையில் பெண்ணுக்கு எந்த வேலையைக் கொடுக்கிறோம்? சட்டியைக் கொடுக்கிறோம், கரணையைக் கொடுக்க மறுக்கிறோம். 40 ஆண்டுகள் வேலை செய்தும் அத்தை சித்தாளாகவே ஓய்வு பெற்றார். மாமா தம் வீட்டுச் சுவரில் அத்தைக்குக் கரணை பிடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார். படிப்பறைச் சுவரின் பூச்சு அத்தையின் கைவேலை. ஊரிலே அந்தக் கைக்கு எவரும் சுவர் தரவில்லை!

ஆகவே ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரில் பள்ளி கட்டலாம், படிப்பகம் கட்டலாம், சாவடி கட்டலாம். திறப்பு விழாவுக்குக் கல் வெட்டும் முன், கூலிப் பட்டியலை எடுங்கள். அதில் இருக்கும் பெயர்கள் அத்தனையையும், சித்தாள் முதல் தச்சர் வரை, ஒருவர் விடாமல் கல்லில் ஏற்றுங்கள். இடம் போதவில்லை என்பீர்களானால், மாலை போட்டுக் கொண்டவர் பெயரைச் சற்றுச் சிறிய எழுத்தில் வெட்டுங்கள். அவர்கள் பெரிய மனிதர்கள், பொறுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கொத்தனாரின் பெயரை இங்கேயேனும் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எழுதத் துடிக்கிறது கை. ஆனால், அந்த நாற்பது பெயர்களோடு சேர்த்து எழுதும் நாள்வரை தனியாக எழுத வேண்டாம் என்பது அவர் கட்டளை. மீற நாம் துணியவில்லை. மூத்த அக்கா, தந்தையின் பழைய கூலிக் குறிப்பேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் தந்த ஏட்டிலிருந்து பெயர்களைப் படியெடுத்துக் கொண்டிருக்கிறோம். இதுவரை 31 பெயர்கள் கிடைத்துள்ளன. எஞ்சியவர்களைத் தெருத்தெருவாகக் கேட்டு வருகிறோம். தென்புறச் சன்னல் திறந்திருக்கிறது. வெளிச்சம் இன்னும் இருக்கிறது.